விசையா, வேகமா?



கட்டடம் எழும்பும் இடத்தில் கப்பியும் கயிறும் கொண்டு பாரம் தூக்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேலே கட்டிய கப்பி ஒன்றுதான் இருக்கிறது என்றால், கயிற்றை 1 அடி இழுத்தால் பாரமும் 1 அடி ஏறும். பாரத்தோடு அசையும் கப்பி ஒன்றையும் சேர்த்துவிட்டாலோ, பாதி விசையிலேயே பாரம் எழும்பும். ஆனால் அதே 1 அடி உயரத்துக்கு 2 அடிக் கயிற்றை இழுத்தாக வேண்டும். விசையில் மிச்சப்பட்டது தூரத்தில் செலவாகிவிட்டது. நெம்புகோல், சாய்தளம், திருகு, பற்சக்கரம் ஆகிய எந்த யந்திரத்தை எடுத்துக்கொண்டாலும் இந்தக் கணக்குத் தவறுவதில்லை. பல ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் கணக்கும் பௌதிகமும் சொல்லிக்கொடுத்த நான், மாணவர் மனத்தில் ஆழப் பதியவேண்டும் என்று விரும்பிய விதிகளுள் இது முதன்மையானது.

அந்த விதி ஒரு மோட்டார் வண்டியின் அடியில் எப்படி வேலை செய்கிறது என்பதே இன்றைய பேச்சு. ஒரு பழைய பிக்கப் வண்டியின் பின் அச்சுக்கு எந்தப் பல்விகிதத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். இது பட்டறைக்காரர் விஷயம் ஆயிற்றே என்று எண்ணவேண்டாம். எட்டாம் வகுப்புக் கணக்கும் கொஞ்சம் நிதானமும் இருந்தால் போதும். நீங்களே விடை காணலாம்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் இப்போது அமெரிக்காவில் வேலையில் இருக்கிறார். அவர் 1949ஆம் ஆண்டில் செய்த செவ்ரோலே அரை டன் பிக்கப் ஒன்றை வாங்கி, ஓய்வு நேரத்தில் செப்பனிட்டு வருகிறார். “ஐயா, வண்டி நன்றாக ஓடுகிறது. ஆனால் நெடுஞ்சாலையில் மணிக்கு 60 மைலைத் தொட்டால் இஞ்சின் அலறுகிறது. பின் அச்சின் பற்களை மாற்றிவிடலாமா?” என்று எழுதிக் கேட்டார். இக்கேள்வி நல்ல கேள்வி. அதற்கு விடை சொல்லுமுன், பின் அச்சுக்குள் இருப்பது என்ன என்று பார்க்கவேண்டும்.

இஞ்சினின் சுழற்சி கியர்ப் பெட்டியின் வழியாக ஒரு நீண்ட தண்டுக்கு வந்து, வண்டியின் பின்புறம் செல்கிறது. அந்தத் தண்டின் முனையில் பினியன் என்னும் சிறு பற்சக்கரம் இருக்கிறது. அது, கிரௌன் என்று பட்டறையில் சொல்லப்படும் பெரிய பற்சக்கரத்தோடு கவ்விக்கொண்டு அதைச் சுழற்றுகிறது. பெரிய சக்கரத்தோடு சேர்ந்து பின்சக்கரங்கள் சுழலுகின்றன. இந்த இடத்தில் இரண்டு காரியங்கள் நடைபெறுகின்றன. ஒன்று, நீளவாக்கில் வந்த சுழற்சி குறுக்குவாக்கில் திரும்புகிறது. மற்றொன்று, சுழற்சியின் வேகம் குறைந்து, அதற்கு ஈடாக முறுக்கு விசை பெருகுகிறது.

எவ்வளவு குறைகிறது, எவ்வளவு பெருகுகிறது என்பதைச் சொல்லும் எண்ணே பல்விகிதம். பெரிய சக்கரத்தின் பற்களைச் சிறிய சக்கரத்தின் பற்களால் வகுத்தால் அது கிடைத்துவிடும். பெரியதில் 37 பற்களும் சிறியதில் 9 பற்களும் இருந்தால் விகிதம் 4.11. அஃதாவது, தண்டு 4.11 முறை சுற்றினால் பின்சக்கரம் 1 முறை சுற்றும். நம் செவ்ரோலே அரை டன் பிக்கப்புக்கு ஆலையிலேயே அமைத்த விகிதம் இந்த 4.11தான். அதே காலத்தில் அதே நிறுவனம் செய்த முக்கால் டன் வண்டிக்கு 4.57, ஒரு டன் வண்டிக்கு 5.14. பாரம் ஏற ஏற எண்ணும் ஏறுவதைக் கவனியுங்கள்.

இவ்விடத்தில் கூர்மையான மாணவர் ஒருவர் எழுந்து, “37 எதற்கு? 36 பற்கள் வைத்திருந்தால் விகிதம் சரியாக 4 என்று வந்திருக்குமே!” என்று கேட்கக்கூடும். கேட்கவேண்டிய கேள்விதான். 36க்கு 9 என்று வைத்தால், சிறிய சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் பெரிய சக்கரத்தின் அதே 4 பற்களோடு மட்டுமே எந்நாளும் உரசிக்கொண்டிருக்கும். ஒரு பல்லில் சிறு குறை இருந்தால், அது அந்த நான்கையே திரும்பத் திரும்பத் தேய்க்கும். 37க்கும் 9க்கும் பொதுக்காரணி 1ஐத் தவிர வேறில்லை. ஆகையால் ஒவ்வொரு பல்லும் எதிர்ச்சக்கரத்தின் எல்லாப் பற்களையும் முறையே சந்தித்த பிறகே பழைய பல்லுக்குத் திரும்பி வருகிறது. தேய்மானம் எல்லாவற்றுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. மீப்பெரு பொதுக்காரணி என்று நீங்கள் கரும்பலகையில் கண்டது, இருட்டில் எண்ணெயில் மூழ்கிய பற்சக்கரங்களுக்கும் இப்படிப் பயன்படுகிறது.

இனிக் கணக்கைப் போடுவோம். அமெரிக்கர் இன்றும் மைலிலும் அங்குலத்திலும் ராத்தலிலும் அளப்பதால், நாமும் அவற்றையே கொள்வோம். மைல் என்பது ஏறக்குறைய 1.6 கிலோமீட்டர், ராத்தல் என்பது ஏறக்குறைய 450 கிராம்.

அந்த வண்டியின் டயருக்கு விட்டம் ஏறக்குறைய 28 அங்குலம். சுற்றளவு, 28ஐ 22ஆல் பெருக்கி 7ஆல் வகுக்க, 88 அங்குலம். ஒரு மைலில் 63,360 அங்குலங்கள் உள்ளன. அதை 88ஆல் வகுத்தால் 720. ஆகவே ஒரு மைல் போக, சக்கரம் 720 முறை சுற்றவேண்டும். மணிக்கு 60 மைல் என்பது நிமிடத்துக்கு ஒரு மைல். எனவே அந்த வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 720 சுற்று. டாப் கியரில் கியர்ப் பெட்டி எதையும் மாற்றுவதில்லை. இஞ்சினும் பின்தண்டும் ஒன்றாகவே சுற்றும். 720ஐ 37ஆல் பெருக்கி 9ஆல் வகுத்தால் 2,960. நிமிடத்துக்கு 2,960 சுற்று! அந்த இஞ்சின் தன் முழுச் சக்தியான 90 குதிரைச்சக்தியைக் கொடுப்பதே 3,300 சுற்றில்தான். ஆக, நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக 60 மைலில் ஓட்டுவது, அதன் உச்ச அளவில் பத்தில் ஒன்பது பங்கில் அதை நிறுத்தி வைப்பதாகும். இஞ்சின் அலறுகிறது என்று அவர் எழுதியதன் பொருள் இதுதான்.

அலறல் காதுக்கு மட்டும் தொல்லை அன்று. 1949ஆம் ஆண்டின் அந்த இஞ்சினில், இணைப்புத் தண்டுகளைச் சுழல்தண்டோடு சேர்க்கும் தாங்கிகள் பாபிட் என்னும் மென்மையான உலோகத்தை உருக்கி வார்த்தவை. அவற்றுக்கு, இன்றைய இஞ்சின்களில் போல முழு அழுத்தத்தோடு எண்ணெய் செல்வதில்லை. கீழே உள்ள எண்ணெயைத் தண்டின் அடியில் உள்ள சிறு கரண்டிகள் மொண்டு கொள்ளுகின்றன. நிதானமான வேகத்துக்கு இந்த ஏற்பாடு பல ஆண்டுகள் நன்றாகவே உழைத்தது. உச்ச வேகத்தில் நெடுநேரம் ஓட்டினாலோ மென்மையான அந்த உலோகம் சூடேறி உருகிப் போகும் அபாயம் உண்டு. 1954ஆம் ஆண்டில்தான் அந்நிறுவனத்தின் பிக்கப் வண்டிகளுக்கு முழு அழுத்த எண்ணெய் முறை கொண்ட இஞ்சின் வந்தது.

அப்படியானால் 4.11 என்று வைத்த பொறியாளர்கள் தவறு செய்துவிட்டார்களா? இல்லை. அந்த வண்டி யாருக்காகச் செய்யப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். பண்ணையிலிருந்து தானிய மூட்டையும் தீவனமும் ஏற்றிச் செல்ல அது பிறந்தது. சேறும் சரளையுமான பாதைகள் பல அதற்கு முன் இருந்தன. மாநிலங்களை இணைக்கும் அகலமான நெடுஞ்சாலைகளுக்கு அந்த நாட்டில் பெருந்தொகை ஒதுக்கிச் சட்டம் செய்ததே 1956ஆம் ஆண்டில்தான். ஆக, வண்டி முந்தியது, சாலை பிந்தியது. வேலை மாறிவிட்டது; வண்டியின் பற்கள் மட்டும் பழைய வேலையையே நினைத்துக்கொண்டு சுழலுகின்றன.

இனி, மாற்றினால் கிடைப்பது என்ன என்று பார்ப்போம். அதே நிறுவனம் 1950ஆம் ஆண்டில் தானியங்கிக் கியர்ப் பெட்டியோடு விற்ற கார்களில் 3.55 என்ற விகிதத்தை வைத்தது. பழைய பிக்கப்பை வைத்திருப்போர் பலர் அந்தப் பல்ஜோடியைத் தேடிப் பிடித்துப் பொருத்துகின்றனர். 720ஐ 3.55ஆல் பெருக்கினால் 2,556. நிமிடத்துக்கு 2,960 இருந்த இடத்தில் 2,556 சுற்று. ஏறக்குறைய 400 சுற்று குறைவு. பத்தாயிரம் மைல் ஓடினால் இஞ்சினுக்கு மிச்சமாகும் சுற்றுகள் 40 லட்சம். சத்தம் குறையும், சூடும் தேய்மானமும் குறையும்.

இதுவரை கேட்டவுடன் “3.55ஏ நல்லது” என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். கப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றில் மிச்சம் பிடித்தால், வேறு எங்கோ செலவு இருக்கத்தான் வேண்டும்.

அந்த இஞ்சினின் உச்ச முறுக்கு விசை 174 அடி-ராத்தல். 4.11ஆல் பெருக்கினால் அச்சில் கிடைப்பது 715. சக்கரத்தின் ஆரம் 14 அங்குலம், அஃதாவது 1.167 அடி. 715ஐ அதனால் வகுக்க, சாலையைப் பின்தள்ளி வண்டியை முன்செலுத்தும் விசை 613 ராத்தல். 3.55 பொருத்தினால் இதே கணக்கில் 529 ராத்தல்தான் வரும். இப்போது வண்டியில் முழுப் பாரம் ஏற்றி, மொத்த எடை 4,600 ராத்தல் ஆக்குவோம். எதிரே 10 அடிக்கு 1 அடி உயரும் மேடு. எடையில் பத்தில் ஒரு பங்காகிய 460 ராத்தல் விசை வண்டியைப் பின்னோக்கி இழுக்கும். 4.11இல் கையிருப்பு 153 ராத்தல், 3.55இல் கையிருப்பு 69 மட்டுமே. டயரின் உராய்வு, பற்சக்கரங்களின் உராய்வு, எதிர்க்காற்று ஆகிய மூன்றுக்கும் இந்தக் கையிருப்பிலிருந்தே கொடுக்கவேண்டும். 153 இருந்தால் வண்டி தட்டித் தடுமாறியேனும் டாப் கியரில் ஏறிவிடும். 69 போதாது, கீழ்க் கியருக்கு இறங்கியே ஆகவேண்டும். மேடு பள்ளமான ஊரில், பாரத்தோடு, நாள் முழுவதும் இப்படிக் கியரை மாற்றிக்கொண்டே இருந்தால் ஓட்டுநரும் களைப்பார், கிளட்சும் தேயும்.

பெரிய விகிதம் மேட்டுக்கு நண்பன். சிறிய விகிதம் சமவெளிக்கு நண்பன். இரண்டுக்கும் ஒருவனே நண்பனாக இருக்க மாட்டான்.

இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பெயர்பெற்ற வில்லிஸ் ஜீப்பின் பின் அச்சு விகிதம் 4.88. போர் முடிந்த 1945ஆம் ஆண்டில், அதே நிறுவனம் உழவர்களுக்கென்று ஜீப் செய்தபோது, இஞ்சினையும் டயர் அளவையும் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு, அச்சு விகிதத்தை 5.38 ஆக்கியது. போர்க்களத்தில் வேகம் வேண்டியிருந்தது. வயலில் கலப்பையை இழுக்க மெதுவான, உறுதியான நடை வேண்டியிருந்தது. பின்னர் மகிந்திரா நிறுவனத்தார் நம் நாட்டில் அமைத்து விற்ற ஜீப்புகள் இந்த உழவர் ஜீப்பின் வழிவந்தவையே. நான்கு சக்கரமும் இழுக்கும் இத்தகைய வண்டிகளில் ஓர் எச்சரிக்கை உண்டு: பின் அச்சின் விகிதத்தை மாற்றினால் முன் அச்சையும் அதற்கு ஒத்ததாக மாற்றியே தீரவேண்டும். இல்லையேல் இரண்டு அச்சும் ஒன்றோடொன்று போராடி, ஏதேனும் ஒன்று முறியும்.

டயரும் பல்விகிதத்தின் உடன்பிறப்பே என்பதை மறக்கலாகாது. 28 அங்குல டயரைக் கழற்றி 30 அங்குல டயர் போட்டால், பற்களைத் தொடாமலே 4.11 என்பது 3.84 போல நடந்துகொள்ளும். ஆகவே முதலில் டயர் அளவை முடிவு செய்துகொண்டு, பிறகே பற்களைப் பற்றி யோசிக்கவேண்டும்.

என் மாணவருக்கு நான் எழுதிய பதிலில் விகிதம் எதையும் முதலில் குறிப்பிடவில்லை. மூன்று கேள்விகளையே எழுதினேன். வண்டியில் எவ்வளவு பாரம் ஏற்றுவாய்? உன் ஊர்ச் சாலைகளில் மேடு எவ்வளவு? ஒரு மாதத்தில் ஓடும் தூரத்தில் நெடுஞ்சாலையின் பங்கு எவ்வளவு? பாரமும் மேடும் மிகுதி என்றால் 4.11 இருக்கட்டும், 50 மைலுக்குள் ஓட்டக் கற்றுக்கொள். வெறும் வண்டியாகச் சமவெளியில் நெடுந்தூரம் போவதே மிகுதி என்றால் 3.55 தகும். இரண்டும் வேண்டும் என்றால் பின் அச்சை விட்டுவிட்டுக் கியர்ப் பெட்டியைப் பார். ஓவர்டிரைவ் என்னும் அமைப்போ, ஐந்தாம் கியர் உள்ள பிற்காலப் பெட்டியோ, ஏறக்குறைய 0.7 என்ற விகிதத்தைத் தரும். 4.11ஐ 0.7ஆல் பெருக்கினால் 2.88. மேட்டில் 4.11, சமவெளியில் 2.88 என்று ஒரே வண்டியில் இரண்டு நடை கிடைக்கும். ஆனால் அதற்குப் பணமும் வேலையும் மிகுதி. அந்தப் பழைய வண்டியில் பின்தண்டு ஒரு குழாய்க்குள் அடைபட்டிருப்பதால் அதையும் மாற்றியமைக்க வேண்டிவரும்.

மாற்றுவதே முடிவானால், கவனிக்கவேண்டியவை சில உண்டு. முதலாவது, இப்போது இருக்கும் விகிதத்தை ஊகிக்காமல் எண்ணிப் பார்க்கவேண்டும். எழுபது ஆண்டுகளைக் கடந்த வண்டியின் பின் அச்சை இடையில் யார் மாற்றினார்களோ! பின்மூடியைத் திறந்து பற்களை எண்ணுவதே ஐயமற்ற வழி. இரண்டாவது, சிறியதும் பெரியதுமான சக்கரங்கள் ஆலையிலேயே ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தம் பார்க்கப்பட்ட ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றலாகாது. மூன்றாவது, இரண்டுக்கும் இடையே விடவேண்டிய இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தின் சில பங்குகளே. பற்களில் சாயம் தடவிச் சுழற்றி, அது எந்த இடத்தில் பதிகிறது என்று பார்த்துத்தான் பொருத்தம் சரியா என்று அறியவேண்டும். இந்த வேலை அனுபவமுள்ள கையில் இருக்கட்டும். நான்காவது, இப்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே அழுந்துவதால், அவற்றுக்கென்றே உள்ள கெட்டியான எண்ணெயையே ஊற்றவேண்டும்.

இவையெல்லாம் வண்டியின் நலத்துக்கு. மனிதரின் நலத்துக்கு இரண்டு உண்டு. அவற்றை இன்னும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

வேகமானியை இயக்கும் கம்பி கியர்ப் பெட்டியின் பின்முனையிலிருந்து வருகிறது. சக்கரத்தின் வேகத்தை அது நேரே அளப்பதில்லை. தண்டின் வேகத்தை அளந்து, பின் அச்சு 4.11 என்று நம்பிக்கொண்டு முள்ளைக் காட்டுகிறது. 3.55 பொருத்திய பிறகும் அது பழைய நம்பிக்கையிலேயே இருக்கும். முள் 50 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 58இல் ஓடிக்கொண்டிருக்கும். வேகமானிக்கான சிறு பற்சக்கரத்தையும் மாற்றி இதைச் சரிசெய்யாவிட்டால், ஓட்டுபவர் தம்மை அறியாமலே விதியை மீறுவார். வளைவிலும் மழையிலும் தவறாகக் கணிப்பார்.

மற்றொன்று பிரேக். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று படித்திருக்கிறீர்கள். 45 மைலிலிருந்து 60 மைலுக்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. ஆனால் பிரேக் விழுங்கவேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 1.8 மடங்காகிவிட்டது. 1949ஆம் ஆண்டு வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். நான்கையும் அழுத்தும் எண்ணெய் ஒரே வழியாகச் செல்வது. ஓரிடத்தில் குழாய் ஒழுகினால் நான்கும் கைவிடும். பழைய பல்விகிதத்தில், வேகம் மிஞ்சும்போது இஞ்சினின் அலறலே ஓட்டுநருக்கு எச்சரிக்கையாக இருந்தது. பற்களை மாற்றியவுடன் அந்த எச்சரிக்கை அடங்கிப் போகிறது. பிரேக் மட்டும் பழையபடியே இருக்கிறது. ஆதலால் பின் அச்சைத் தொடுமுன் பிரேக்கைச் செப்பம் செய்யுங்கள் என்றும் அவருக்கு எழுதினேன். வண்டியை வேகமாக ஓடச்செய்வதற்கு முன் அதை நிறுத்தக்கூடியதாகச் செய்துகொள்வது முறை.

மாணவர்களே, உங்களில் பெரும்பாலோர் இந்தப் பழைய பிக்கப் வண்டியைக் கண்ணால் காணாமலே இருந்துவிடலாம். ஆனால் யந்திரங்களைத் தேர்ந்தெடுக்கும் வேலை உங்களில் ஒவ்வொருவருக்கும் வரும். கிணற்றுக்குப் பம்பு வாங்கினாலும், ஆலையில் கப்பியும் பட்டையும் பொருத்தினாலும், பல கியர் உள்ள சைக்கிள் வாங்கினாலும், கேள்வி இதேதான். “எது சிறந்தது?” என்று கேட்டால் விற்பவர் எதையாவது சொல்லுவார். “என் வேலை என்ன? அதற்கு எவ்வளவு விசை வேண்டும், எவ்வளவு வேகம் வேண்டும்?” என்று கேட்டு, ஒரு தாளில் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒன்று கூடினால் மற்றொன்று எவ்வளவு குறைகிறது என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த இரண்டாவது எண்ணையும் பார்த்த பிறகு செய்யும் தேர்வே தேர்வு.